மட்டக்களப்பு ஆக்களுக்கு: கராஜுக்கு ரோலர் டோர் போடுறதுக்கு முதல் இத வாசிங்க

ரிமோட் ரோலர் டோர் போடுற யோசனையில இருக்கிறவங்க, ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்திட்டு ஆக்கள் வருவாங்க எண்டு பாத்துக்கிட்டு இருக்கிறவங்க, தயவுசெய்து இத முழுசா வாசிங்க. நாங்க 2,75,000 ரூபா குடுத்துப் போட்ட கதவ ஒரு ஸ்குரூ டிரைவர வச்சே வெளியில நிண்டு கழட்டலாம். இத எங்களுக்குச் சொன்னது போட்ட கம்பெனி இல்ல, கள்ளன் வந்து போன பொறகு வந்து பாத்த வெல்டிங் பாஸ்தான் சொன்னார்.

எங்கட வீடு கல்லடியில. கார் டொயோட்டா பிரீமியோ, லீசிங் இன்னும் ஓடுது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டின பொறகு இந்தக் காருகள்ர விலை எங்க போய் நிண்டது எண்டு எல்லாருக்கும் தெரியும், 2025 பெப்ரவரியில திரும்ப விட்டாலும் வரியோட சேத்துப் பாத்தா எங்களப் போல சம்பளக்காரருக்கு இன்னொண்டு வாங்குறதெண்டது நினைக்கவே ஏலா. கார் மட்டுமில்ல, அதுட சைட் மிரர், ஹெட் லைட் எல்லாத்துக்கும் இப்ப விலை இருக்கு, கழட்டிட்டுப் போனா சுறுக்கா விக்கலாம், அதால கார முழுசாத் தூக்கத் தேவையில்ல, உள்ளுக்குக் கொஞ்ச நேரம் நிண்டாலே போதும். அந்தப் பயத்திலதான் இவர் கராஜ வடிவாப் பூட்டுவம் எண்டு வெளிக்கிட்டார்.

பேஸ்புக்ல விளம்பரம் பாத்துத்தான் கூப்பிட்டம். ஒரு தம்பி வந்தார், நல்ல மரியாதை, "அக்கா அக்கா" எண்டு கதை, லேசர் மீற்றரால அளந்து அந்த இடத்திலயே கொட்டேஷன் போட்டு வட்ஸ்அப்ல அனுப்பினார். அதில எழுதியிருந்தது இதுதான், இப்பவும் என்ட போன்ல கிடக்கு: 0.60 மில்லிமீற்றர் தகடு, 304 ஸ்டெயின்லெஸ் போல்ட், ரோலிங் கோட் ரிமோட் ரெண்டு, கரண்ட் போனாலும் திறக்க பேக்கப் பெட்டரி, 5 வருஷ வொரண்டி. "அக்கா இத உடைக்கிறதெண்டா கிரைண்டர் கொண்டு வரணும், ஊரே எழும்பிரும்" எண்டு சொன்னார்.

மறுகா எங்கட பழைய இரும்புக் கேட்டக் கழட்டினாத்தான் கதவு ஏறி இறங்குற தண்டவாளம் இருக்கும் எண்டு சொல்லிக் கழட்ட வச்சாங்க. நல்ல பாரமான கேட், மாமா கட்டுவிச்சது. அத லொறியில ஏத்தக்குள்ள "பழைய இரும்புக் காச பில்லுல கழிப்பம்" எண்டாங்க. பில்லே ஒழுங்கா வரல்ல, எங்க கழிக்கிற? ஒரு துண்டில "ரோலர் டோர் வேலை முடிந்தது, பணம் பெற்றுக்கொண்டோம்" எண்டு எழுதி ஒப்பம் வச்சுத் தந்தாங்க, தகட்டக் காணல்ல, போல்ட்டக் காணல்ல, ஒண்டும் அதில இல்ல. வேலை அரை நாள்ல முடிஞ்சுது, கதவு சத்தமில்லாம ஏறி இறங்கிச்சு, பாக்கவும் வடிவா இருந்துச்சு, மீதிக் காசக் குடுத்தம்.

கச்சான் காத்து துவங்கினதும் கதவு ராவெல்லாம் டப டப எண்டு அடிக்கத் துவங்கிச்சு. போன் பண்ணினா "அது நோர்மல் அக்கா, பெரிய கதவெண்டா அப்பிடித்தான்" எண்டாங்க. அது நோர்மல் இல்ல. தண்டவாளம் சுவரோட இறுகி இருந்தா இந்தளவுக்கு அடிக்கா. இத வாசிக்கிற யார்ர வீட்டிலயும் அந்தச் சத்தம் கேட்டா உடன போய்ப் பாருங்க.

அதுக்குப் பொறகு ஒரு நாள் விடிய இவர் வேலைக்கு வெளிக்கிட்டுப் போய்ப் பாத்தா காருக்கு ரெண்டு சைட் மிரரும் இல்ல, ஒரு பக்க ஹெட் லைட்டும் இல்ல, மத்தப் பக்கம் பம்பர இழுத்துப் பாத்து விட்டிட்டுப் போயிருக்கான். கதவு வடிவாப் பூட்டிக் கிடக்கு. அதுதான் எங்களுக்கு நெஞ்சு பதறினது, ஏனெண்டா உடைச்ச அடையாளம் ஒண்டுமே இல்ல. பொலிஸில என்ட்ரி போடக்குள்ள அவங்க கேட்ட முதல் கேள்வி ரிமோட் யார்ட்ட இருக்கு எண்டுதான். கம்பெனிக்குப் போன் பண்ணினா அவங்களும் அதத்தான் கேட்டாங்க, ஆனா கேட்ட விதம் வேற, "உங்கட வீட்டு ஆக்கள் யாருக்காவது குடுத்திருப்பீங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க" எண்டு. எங்கட வீட்டில இருக்கிறது நாங்க ரெண்டு பேர், மாமி, சின்ன மகள். மாமி அதக் கேட்டிட்டு ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல்ல. காசு போனதவிட இந்தக் கதை எனக்கு இன்னும் ஆறல்ல.

ஆரையம்பதியில இருந்து எங்களுக்குத் தெரிஞ்ச வெல்டிங் பாஸ் ஒருத்தரக் கூப்பிட்டுக் காட்டினம். அவர் வந்து கதவப் பாக்கவே இல்ல, நேரா ரெண்டு பக்கத் தண்டவாளத்தப் பாத்தார், வெளிப் பக்கத்தில கையப் போட்டு இழுத்தார், அது கையோட வருது. எங்கட மதில் சீமெந்து புளொக் கல், உள்ளுக்கு வெறும் பொந்து. அதில பிளாஸ்டிக் பிளக் அடிச்சு சாதாரண ஸ்குரூ பூட்டியிருக்காங்க, அதுவும் ஸ்குரூ தலை எல்லாம் ரோட்டுப் பக்கம். அதக் கழட்டித் தண்டவாளத்த ஒரு பக்கமா நகத்தினா கதவுட விளிம்பு வெளிய வரும், ஒரு ஆள் குனிஞ்சு உள்ளுக்குப் போகலாம், போகக்குள்ள திரும்ப ஸ்குருவப் போட்டு முறுக்கிட்டா ஒரு அடையாளமும் இருக்கா. பாஸ் சொன்னது இதுதான்: "தங்கச்சி, கள்ளன் கதவ உடைக்க மாட்டான், கதவு எதில தொங்குதோ அதத்தான் கழட்டுவான்."

பொந்துக் கல்லில சாதாரண அங்கர் போல்டும் நிக்கா, ஏனெண்டா அது விரிஞ்சு இறுகுறதுக்கு உள்ளுக்குக் கட்டியா ஒண்டும் இல்ல. கொங்கிரீட் தூண் இருந்தா அதில 12 மில்லிமீற்றர் அங்கர் போல்ட் அடிக்கலாம். தூண் இல்லாட்டி சுவர் முழுக்க ஊடுருவுற நீட்டு போல்ட் போட்டு ரெண்டு பக்கமும் தடிச்ச இரும்புத் தகடு வச்சு நட்ட உள் பக்கம் முறுக்கணும், இல்லாட்டி இரும்புச் சனல (ப வடிவ நீட்டு இரும்பு) நிலத்தில கொங்கிரீட்டோட நட்டு மேல பீமோட சேத்து, அதில தண்டவாளத்த வெல்ட் பண்ணணும். எப்பிடிச் செஞ்சாலும் வெளியில நிண்டு கழட்டுற மாதிரி ஒரு தலையும் இருக்கக்கூடா. இது எங்களுக்கு வேலை செஞ்சவங்களுக்குத் தெரியாத விசயம் எண்டு நான் நம்ப மாட்டன், ட்ரில் பண்ணக்குள்ளயே பிட் பொந்துக்குள்ள விழுறது கைக்குத் தெரியும். தெரிஞ்சும் பிளக்க அடிச்சிட்டுப் போயிருக்காங்க.

அடுத்தது ரிமோட். ரோலிங் கோட் எண்டா ஒவ்வொரு தரமும் பட்டன அமத்தக்குள்ள நம்பர் மாறும், ஒருக்கா போன நம்பர திரும்ப அனுப்பினா கதவு திறக்கா. பழைய சாதி ரிமோட் அப்பிடி இல்ல, எத்தின வருஷம் போனாலும் ஒரே நம்பரத்தான் அனுப்பும், அத இன்னொரு மலிவு ரிமோட்டால பக்கத்தில வச்சுப் பிடிச்சுக்கலாம். டவுனில சாவி வெட்டுற கடையொண்டில எங்கட ரிமோட்டக் குடுத்து கொப்பி எடுக்க ஏலுமா எண்டு கேட்டம், அவர் ரெண்டையும் ஒட்டிப் பிடிச்சு பட்டன அமத்தினார், இவர் வீட்ட கொண்டு வந்து அடிச்சார், கதவு ஏறுது. கொட்டேஷன்ல ரோலிங் கோட் எண்டு எழுதிட்டு உள்ளுக்கு வச்சிருக்கிறது பழைய சாதி. ரிமோட் சிக்னலப் பிடிக்கிற சில பெட்டிகள்ல உள்ளுக்குச் சின்னச் சின்ன சுவிட்ச் வரிசையா இருக்கும், எட்டு சுவிட்ச் எண்டா மொத்தமே 256 விதம்தான், அத ஒரு பூட்டு எண்டே சொல்ல ஏலா. இன்னொண்டு, பெட்டிட ஞாபகத்தில எத்தின ரிமோட் பதிஞ்சிருக்கு எண்டு எங்களுக்குத் தெரிய வழியில்ல, வேலை செய்ய வந்தவங்க டெஸ்ட் பண்ணப் பதிஞ்ச ரிமோட்டும் அதில கிடக்கலாம். கனக்கப் பெட்டிகள்ல ரிமோட் பதியிற லேர்ன் பட்டனக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடிச்சா பழையது எல்லாம் அழிஞ்சிரும், மறுகா உங்கட ரிமோட்ட மட்டும் பதியலாம். வேலை முடிஞ்சு ஆக்கள் போன உடன இதச் செய்யுங்க, செய்யிற முறைய அவங்க போறதுக்கு முதல் கேட்டு வச்சுக்கோங்க. களவெடுத்தது அவங்கதான் எண்டு நான் சொல்லல்ல, அது பொலிஸ் பாக்கிற வேலை. ஆனா யாரும் வந்து திறக்கக்கூடிய கதவ எங்களுக்கு பாதுகாப்பு எண்டு சொல்லி வித்தது அவங்கதான்.

தகட்ட பாஸ் மைக்ரோமீற்றர் வச்சு அளந்தார், பெயின்ட்டோட சேத்தே 0.45தான் வருது. இதில ஒரு தந்திரம் இருக்காம், சிலர் வெறும் இரும்பட தடிப்பச் சொல்லுவாங்க, சிலர் பூச்சோட சேத்துச் சொல்லுவாங்க, அதால எது எண்டு கேட்டு எழுதி வாங்கணும். ஆனா எங்கட கதவு எந்தக் கணக்கிலயும் 0.60 இல்ல. போல்ட்டுக்குக் காந்தம் வச்சா டப்பெண்டு ஒட்டுது, 304 எண்டா லேசா இழுத்தாலும் இப்பிடி ஒட்டா, அதோட ஏற்கனவே துருப் பிடிச்சு சுவரில செம்மண் நிறமா வடிஞ்சிருக்கு. ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி, இந்த உப்புக் காத்துக்கு சாதாரண இரும்பு எவ்வளவு காலம் நிக்கும்? கடலுக்குக் கிட்ட இருக்கிறவங்க 316 எண்ட ஸ்டெயின்லெஸ் சாதி கேளுங்க, விலை கூட, ஆனா உப்புக்கு அதுதான் தாங்கும்.

எனக்குச் சரியான கோபம் வந்தது பேக்கப் பெட்டரியப் பாத்துத்தான். மேல வெள்ளைப் பெட்டியொண்டு பூட்டியிருக்காங்க, சிவப்பு லைட் எரியுது, பாஸ் மூடியக் கழட்டினா உள்ளுக்குப் பெட்டரியே இல்ல, வெறும் வயர். 2025 பெப்ரவரி 9ம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அதப் போல ஒரு நாள் மாமிக்கு ராவில வருத்தம் கூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் எண்டா கார வெளிய எடுக்க ஏலாம நிண்டிருப்பம். மெயின் சுவிட்ச நிப்பாட்டிப் போட்டு ரிமோட்ட அடிச்சுப் பாக்காம ஒரு சதமும் குடுக்காதீங்க. கையால திறக்கிற சங்கிலியோ கேபிளோ எங்க இருக்கு எண்டும் பாருங்க, அது வெளியில கை எட்டுற இடத்தில இருக்கக்கூடா. வெளிச் சுவரில சாவி போடுற பொக்ஸ் வைக்கச் சொன்னா வேணாம் எண்டு சொல்லுங்க, மலிவுப் பொக்ஸ நெம்பி எடுத்து உள்ளுக்கு இருக்கிற ரெண்டு வயரச் சேத்தா சாவி இல்லாமலே கதவு ஏறிரும்.

இதெல்லாத்தையும் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினம். முதல் உப்புக் காத்து எண்டாங்க, மறுகா உங்கட சுவர் சரியில்ல எண்டாங்க, அந்தச் சுவர அளந்து பாத்துத்தானே கொட்டேஷன் போட்டது எண்டு கேட்டதுக்கு "வொரண்டி மோட்டருக்கு மட்டும்தான்" எண்டாங்க. கொட்டேஷன்ல அப்பிடி எங்கயும் இல்ல. இப்ப போன் எடுக்கிறதில்ல.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதிக் குடுத்திருக்கம், அதால கம்பெனிப் பேர இஞ்ச போடல்ல. இது கனபேருக்குத் தெரியா: 2003ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டப்படி சாமான் வாங்கி அல்லது வேலை செஞ்சு 3 மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கணும். "வாறம் வாறம்" எண்டு இழுத்தடிக்கிறது அந்த 3 மாசத்தக் கடத்தத்தானோ எண்டு எனக்கு இப்ப தோணுது, அதால அவங்க வருவாங்க எண்டு இருக்காதீங்க, அதிகாரசபைட 1977 நம்பருக்கு அடிச்சுக் கேட்டுட்டு உடன எழுதிக் குடுங்க. கேட்டா பில் தரத்தான் வேணும், அதுவும் சட்டத்தில இருக்கு. பில்லுல தகட்டுத் தடிப்பு, போல்ட், ரிமோட், பெட்டரி எல்லாம் தனித்தனியா எழுத வையுங்க. வட்ஸ்அப் மெசேஜ அழிக்காதீங்க, எங்களுக்கு இப்ப கையில இருக்கிற பலமே அந்தக் கொட்டேஷன்தான்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்து வாசிங்க, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டவங்களுக்குக் களவு போனதுக்கு ஒண்டும் வரா. ஃபுல் எண்டாலும் பொலிஸ் என்ட்ரி இல்லாம கதைக்க மாட்டாங்க. ஸ்பெயார் சாவிய டேஷ்போர்டுக்குள்ள போட்டு வைக்கிற பழக்கம் இருந்தா இண்டைக்கே எடுங்க.

பாஸ் இப்ப ரெண்டு பக்கமும் இரும்புச் சனல் நட்டு கொங்கிரீட் போட்டிருக்கார், காய்ஞ்ச பொறகு தண்டவாளத்த அதில வெல்ட் பண்ணுவார், கீழ உள் பக்கமா ரெண்டு மூலையிலயும் நிலத்துக்குள்ள இறங்குற தடிச்ச தாழ்ப்பாள் வரும், ராவில அதப் போட்டா மோட்டர் இழுத்தாலும் கதவு ஏறா. ஆனா தாழ்ப்பாள எடுக்க மறந்து ரிமோட்ட அடிச்சா மோட்டர் போயிரும், அதால தாழ்ப்பாள் விழுந்தா மோட்டர்ட கரண்ட நிப்பாட்டுற சுவிட்ச் ஒண்டும் வைக்கச் சொல்லியிருக்கன். அதுவரைக்கும் கார் மாமாட தம்பி வீட்டில நிக்குது.

அந்த ஆக்கள் இப்பவும் கல்லடி, நாவற்குடாப் பக்கம் ஓடர் எடுக்காங்க, கல்முனைப் பக்கமும் போறாங்க எண்டு கேள்விப்பட்டன். வேலை முடிஞ்சு மீதிக் காசு குடுக்காம இருக்கிறவங்க முதல்ல வெளியில போய்த் தண்டவாளத்த ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்துப் பாருங்க, அசைஞ்சா அவங்க வந்து மாத்திப் போடும் வரைக்கும் காசக் குடுக்காதீங்க.