பத்மினிக்கு ரேஸ் கேமும் டபுள் ஸ்ப்ரிங்கும் போடலாமா?

கானாடுகாத்தான் வீட்டு ஷெட்ல நிக்கிற அப்பாவோட பிரீமியர் பத்மினி காருக்கு (1089 சிசி, புஷ்ராட்ங்கிற கம்பி வழியா வால்வு தொறக்கிற இன்ஜின்) போன வருசம் இன்ஜின் ஹெட் கழட்டினப்ப ஆசைப்பட்டு ரேஸ் கேம்ஷாஃப்டும் (வால்வ தொறக்க வைக்கிற தண்டு, சுருக்கமா கேம்) டபுள் வால்வ் ஸ்ப்ரிங்கும் (வால்வ திருப்பி மூடுற ஸ்ப்ரிங், ரெண்டு அடுக்கா) சேத்து போட்டேன், ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு இது வேணாங்க.

வால்வு அதிக நேரம் தொறந்தே இருக்கிற கேம் அது, அதனால பவர் எல்லாம் மேல ஆர்பிஎம்ல போய் ஒக்காந்துக்குது, கீழ இழுவையே இல்ல, காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசல்ல ரெண்டாவது கியர்ல ஊர்ந்தா திணறுது, ஐடிலிங்கும் நிக்கல. ஸ்ப்ரிங் டைட்டா வைக்கிறதே ரொம்ப மேல சுத்தும்போது வால்வு நேரத்துக்கு மூடாம மிதக்கிறத தடுக்கத்தான், பிள்ளையார்பட்டிக்கு 60ல போயிட்டு வர்ற வண்டிக்கு எதுக்கு அது? டைட் ஸ்ப்ரிங் அழுத்துறதுல கேம் லோபும் (கேம்ல மேடா இருக்கிற பாகம்) அது தள்ளுற டாப்பெட்டும்தான் சீக்கிரம் தேயும்.

ரெண்டு மாசத்துல பழைய கேமையே திருப்பி போட்டுட்டேன். ஆனா ஹெட் கழட்டுன அதே வேலையில மாத்துன வால்வ் கைடு, ஆயில் சீல், ராக்கர் (வால்வ அமுக்குற கை) புஷ், நல்லா லேப் பண்ணுன (சீட்ல ஒட்டி ஒக்கார்ற மாதிரி தேச்ச) வால்வு, இதுக்கு குடுத்த காசு முழுசா வொர்த். காலையில வர்ற நீலப்புகை நின்னுருச்சு, டக்டக் சத்தமும் இல்ல, அப்பா சாவிய வாங்கி அவரே ஓட்டிட்டு போறாரு.

காசு இருந்தா முதல்ல கார்புரேட்டரையும் டாப்பெட் கிளியரன்ஸையும் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல விடுற இடைவெளி) பாருங்க. ரேஸ் டிராக்குக்கே போறீங்கன்னா மட்டும் கேம் வாங்குங்க.