420 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து எங்கள் கினி பிக் புட்டுவைப் பட்டினி போட்டேன்

நேற்று மதியம் நடந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செல்லப்பிராணி வளர்ப்பவர்கள், அதிலும் வெளியூர் போகும்போது அதை எங்காவது விட்டுப் போகிறவர்கள், கட்டாயம் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு கினி பிக் இருக்கிறது, எலி இனத்துச் சின்னப் பிராணி. மலாய் மொழியில் திக்குஸ் பெலாண்டா. பெயர் புட்டு, மகள் வைத்தது. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஈப்போவில் அதற்கு ஆபரேஷன். சிறுநீர்ப்பையில் கல். "எலிக்கு ஆபரேஷனா?" என்று லயத்துச் சனமே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். டாக்டர் நல்ல மனிதர். வயிற்றில் தையல் போட்டு, வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்து, என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பாடம் நடத்தினார். இதற்கு வாந்தி எடுக்க வராது. வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது. அரை நாள் சாப்பிடாமல் விட்டாலே குடல் அசைவு மந்தமாகும், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். அதனால் புல் மாவைத் தண்ணீரில் குழைத்து, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இராத்திரியும் சேர்த்து, சிரிஞ்சில் 10 மில்லி கொடுக்க வேண்டும். ஒரேயடியாக அழுத்தக் கூடாது, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. மனிதனைப் போலவே இதற்கும் வைட்டமின் சி உடம்பில் தானாக ஊறாது, தினமும் தனியாகக் கொடுக்க வேண்டும். மரத்தூள் தையலில் ஒட்டும், துண்டு விரித்துத்தான் படுக்க வைக்க வேண்டும். காலையில் சமையல் தராசில் எடை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோகூர் பாரு கிளம்ப வேண்டிய கட்டாயம். சின்ன மாமனாரின் கருமக்கிரியை, போகாமல் இருக்க முடியாது. ஆறு மணி நேரக் கார்ப் பயணம் அதற்கு ஆகாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இராத்திரி ஷிப்ட்.

அப்போதுதான் அந்தக் கடை கிடைத்தது. பேர் சொல்லப் போவதில்லை. மீன் தொட்டி, பூனைச் சாப்பாடு விற்கிற கடை, பின்னால் பிராணிகளைத் தங்க வைக்கிற இடம். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். கல்லாவில் இருந்த பையன் புட்டுவைக் கையில் வாங்கினான் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கம், தையல் படாமல் அவ்வளவு பதமாகத் தூக்கினான். "வைட்டமின் சி கொடுக்கலன்னா இதுங்க தாங்காதுக்கா, எனக்குத் தெரியாதா?" என்றான். நான் கேட்கவேயில்லை, அவனே சொன்னான். சாதாரண நாளுக்கு 35 வெள்ளியாம். ஆபரேஷன் ஆனதால் இராத்திரி விழித்திருந்து ஊட்ட வேண்டும், ஒரு நாளுக்கு 105. நாலு இரவு, 420 வெள்ளி. முழுப் பணமும் முன்கூட்டியே, கடைக் கணக்கில் இல்லை, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில். ரசீது? "வாட்சப்புல அனுப்புறேன்க்கா, பயப்படாதீங்க லா." இன்றுவரை வரவில்லை.

தினமும் ஒரு படம் அனுப்புவதாகப் பேச்சு. சனிக்கிழமை வந்தது: நீலத் துண்டு, அதன் மேல் புட்டு, பக்கத்தில் ஒரு கொத்தமல்லித் தண்டு. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. திங்கட்கிழமை படத்தைப் பார்த்துவிட்டு மகள் சொன்னாள், "அம்மா, அந்தக் கொத்தமல்லி இன்னும் அப்படியே இருக்கு." மூன்று படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். தண்டு அதே கோணத்தில் மடங்கியிருந்தது. ஒரே படத்தை வெட்டி வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இராத்திரியே கிளம்பினோம்.

போய்ப் பார்த்தால் துண்டே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, மரத்தூள் போட்ட முயல் கூண்டில், மூலையில் ரோமம் சிலிர்த்து உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தில் முயல் தீனி. நான் கொடுத்த பையைத் திறந்தேன். புதிதாக வாங்கிய மாவு பாக்கெட்டின் வாய் வெட்டப்படவேயில்லை. எட்டு சிரிஞ்ச் கொடுத்தேன், எட்டும் பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருந்தன. கொண்டுவிட்ட அன்றைக்கு 940 கிராம். நேராக டாக்டரிடம் கொண்டுபோனோம், அவர் தராசில் 815. மரத்தூள் ஒட்டித் தையல் ஓரம் சிவந்துவிட்டது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால்..." என்று டாக்டர் ஆரம்பித்து, மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

420 வெள்ளி வாங்கியது இராத்திரி விழிப்பதற்கு. ஒரு சிரிஞ்ச் உறையைக்கூடக் கிழிக்கவில்லை!

அப்புறம் ஆரம்பித்தது கதை. கடைப் பையன் முதலில், "ஆபரேஷன் பண்ணா அப்படித்தான்க்கா, சோர்வா இருக்கும்." பாக்கெட் ஏன் திறக்கவில்லை என்றேன். "நாங்க எங்க மாவு கொடுத்தோம்." எந்த மாவு, காட்டு என்றேன். "முடிஞ்சிருச்சு." பாஸிடம் பேச வேண்டும் என்றேன், பாஸ் கேமரன் மலைக்குப் போயிருக்கிறாராம். இன்று காலை அந்தப் பாஸே கூப்பிட்டார். கட்டிய பணம் திரும்ப வராது, அது கடைக் கொள்கை, வேண்டுமானால் அதே கலரில் இன்னொன்று இலவசமாகத் தருகிறேன் என்றார். என்ன பதில் சொல்வதென்றே எனக்கு வரவில்லை. பின்னால் யாரோ, "ஒரு எலிக்கு இவ்வளவு சத்தமா?" என்று சிரித்தது நன்றாகக் கேட்டது. மத்தியானத்துக்குள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

ஆலோசனை சொல்கிறேன் என்றேன் அல்லவா, சீக்கிரமாகச் சொல்கிறேன், ஊட்டுகிற நேரம் வந்துவிட்டது. சொந்தக் கணக்கில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ரசீது கைக்கு வராமல் கடையை விட்டு நகராதீர்கள். படம் வேண்டாம், வீடியோ கேளுங்கள், தராசில் வைத்து எடை தெரிகிற மாதிரி. பிராணி எங்கே படுக்கும் என்று பின்பக்கம் போய்க் கண்ணால் பாருங்கள், நான் கல்லாவோடு நின்றுவிட்டேன். இன்னொன்று: தையல் சிவந்திருக்கிறதே என்று வீட்டில் மிச்சமிருக்கும் அமோக்சிசிலினை வாயில் ஊற்றிவிடாதீர்கள், கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கெடுத்துக் கொன்றேவிடும். டாக்டர் இதை மூன்று தடவை சொன்னார்.

997-க்கு அடிக்கலாமா என்று தம்பியிடம் கேட்டேன். அது இணைய மோசடிக்கு, நீ பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போ என்றான். வக்கீல் தேவையில்லை, படிவம் 1 நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதுமாம். மூன்று படத்தையும், உறை கிழியாத எட்டு சிரிஞ்சையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

புட்டு இன்று காலை, ஐஸ் பெட்டி கதவு திறக்கிற சத்தத்துக்கு ஒரு தடவை கத்தியது. ஆபரேஷனுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அந்த 5 வெள்ளியையும் சேர்த்தால் 425. அதையும் அவர்களிடமே கேட்கப் போகிறேன்.