ஹுபிடாட்டா, ஹோம் அசிஸ்டண்டா? ஸ்மார்ட்திங்ஸிலிருந்து மாறுவோருக்கு

வீட்டின் ஸ்மார்ட் லைட், பிளக், சென்சார்களை ஒன்றாக இயக்கும் பெட்டிதான் ஹப். கிளவுடை, அதாவது நிறுவனத்தின் இணைய சர்வரை, மட்டும் நம்பியிருந்த ஹப்புகள் கைவிட்ட கதைகள் ஏற்கனவே நிறைய இருக்கின்றன. அமெரிக்காவில் லோஸ் கடைக்காரர்கள் நடத்திய ஐரிஸ் 2019 மார்ச்சில் மூடப்பட்டது. 2020 மே மாதம் விங்க் நிறுவனம், மாதம் 4.99 டாலர் கட்டாவிட்டால் ஹப் வேலை செய்யாது என்று ஒரே வாரம் கெடு வைத்தது; சத்தம் எழுந்ததும் கெடுவைத் தள்ளிப்போட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயின. சாம்சங்கின் ஸ்மார்ட்திங்ஸ் அந்த நிலைக்கு வரவில்லை. கிளவுடில் ஓடிய க்ரூவி மொழி நிரல்களைக் கைவிட்டு எட்ஜ் டிரைவர்களுக்கு (ஹப்பிலேயே ஓடி, சாதனத்தோடு பேசும் நிரல்கள்) வந்தபிறகு அதன் பல வேலைகள் ஹப்புக்குள்ளேயே நடக்கின்றன. ஆனாலும் கணக்கும் ஆப்பும் சாம்சங் கையில். அது பிடிக்காதவர்கள் கடைசியில் வந்து நிற்பது, வீட்டுக்குள்ளேயே ஓடும் ஹுபிடாட், ஹோம் அசிஸ்டண்ட் இரண்டில் ஒன்றில்தான்.

எதை வாங்கலாம் என்று யோசிக்கும் முன், வீட்டில் ஏற்கனவே என்னென்ன இருக்கிறது என்று எண்ணிவிடுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

ஜிக்பீ, இசட்-வேவ் (வை-ஃபை இல்லாமல் ஹப்போடு பேசும் ரேடியோ முறைகள்) சாதனங்கள்தான் அதிகம் என்றால் ஹுபிடாட் பக்கம் சாயலாம். இரண்டு ரேடியோவும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. கரண்ட் கொடுத்து, ரவுட்டரில் லேன் கேபிளைச் செருகி, பிரவுசரைத் திறந்தால் போதும். ‘ஆள் வந்தால் லைட் போடு’ போன்றவற்றுக்குத் தயார் ஆப்கள் உண்டு; சிக்கலானவற்றுக்கு விதிகளை நாமே அமைக்கும் ரூல் மெஷின் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்காது. டாஷ்போர்டைப் பார்த்தால் வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டால் அதன்பாட்டுக்கு ஓடும்.

ஹோம் அசிஸ்டண்ட் வேறு ரகம்: அது பெட்டி அல்ல, ஒரு கணினியில் நாமே ஓட்டும் மென்பொருள். 2013இல் பாலஸ் ஸ்கௌட்சன் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கியது. 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் பொறுப்பில் இருக்கிறது. மென்பொருள் இலவசம். கிரீன் என்ற தயார் பெட்டி 99 டாலருக்கு அறிமுகமானது, ஆனால் அதில் ஜிக்பீ ரேடியோ கிடையாது, யூஎஸ்பியில் செருகும் ரேடியோவை (டாங்கிள்) தனியாக வாங்க வேண்டும். யூஎஸ்பி 3 போர்ட் உள்ள கணினியில் ஓட்டினால் டாங்கிளை அதில் நேராகச் செருகாதீர்கள். அந்த போர்ட்டின் இரைச்சல் ஜிக்பீ பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழும். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் தீர்ந்தது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓட்டுபவர்கள் எஸ்டி கார்டை நம்ப வேண்டாம், ஓயாமல் எழுதி எழுதிக் கார்டு செத்துவிடும். மாதாமாதம் புதிய பதிப்பு வரும். சில மாதங்களில் நேற்று வரை ஓடியது இன்று ஓடாது. வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கும் பொறுமை இருப்பவர்களுக்கான பொருள் இது.

அப்படியும் நம்மூரில் இருப்பவர்களுக்கு நான் ஹோம் அசிஸ்டண்டைத்தான் சொல்வேன். காரணம், இங்கே சுவிட்ச்போர்டுக்குள் ஒளித்து வைக்கும் ரிலே முதல் பிளக் வரை பெரும்பாலும் துயா என்ற சீன நிறுவனத்தின் ஆப், கிளவுட் வழி ஓடும் வை-ஃபை சரக்குதான். ஹோம் அசிஸ்டண்டில் லோக்கல்துயா என்ற இணைப்பு நிரலைப் போட்டால் அவற்றை வீட்டு நெட்வொர்க்கிலேயே பிடித்துவிடலாம். ஒவ்வொரு சாதனத்துக்கும் லோக்கல் கீ என்ற ரகசியக் குறியீடு ஒன்று வேண்டும், துயா ஆப்பில் மறுபடி சேர்த்தால் அது மாறிவிடும், அவ்வளவுதான் தொல்லை. ஹுபிடாட்டில் இதற்கு ஆர்வலர்கள் எழுதிய டிரைவர்களைத் தேடித்தான் போக வேண்டும். இசட்-வேவ் நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும் என்பதும் நினைவிருக்கட்டும்: அமெரிக்காவில் 908.4 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865.2. ஊருக்கு வரும்போது உறவினர் வாங்கிவந்த சுவிட்ச் இங்கே வாங்கியதோடு பேசாது.

ஹோமி புரோ என்ற ஹப்பும் இருக்கிறது. நல்ல பெட்டி, விலைதான் கூடுதல்; தயாரிக்கும் ஆத்தம் நிறுவனத்தை 2024இல் எல்ஜி வாங்கிவிட்டது. பெரிய நிறுவனத்தின் பிடியிலிருந்து தப்பிக்க வருபவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

சரி, எதைத் தேர்ந்தாலும் மாற்றும் வேலை ஒன்றுதான். ஜிக்பீ சாதனங்களை ஒவ்வொன்றாக ரீசெட் செய்து மறுபடி சேர்க்க வேண்டும், குறுக்குவழி இல்லை. இசட்-வேவில் பழைய இணைப்பிலிருந்து முதலில் விலக்கிவிட்டு (எக்ஸ்க்ளூட்) வர வேண்டும். பல நிறுவனங்களுக்கும் பொதுவான மேட்டர் தரத்தில் வரும் சாதனங்கள் மட்டும் சமர்த்து: ஒரே நேரத்தில் குறைந்தது ஐந்து அமைப்புகளில் இணைந்திருக்க முடியும் என்பதால் பழையதை விடாமலே புதியதில் சேர்க்கலாம்.

பொறுமையைச் சோதிப்பவை பேட்டரி சென்சார்கள். அகாராவின் கதவு சென்சாரில் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் நீல விளக்கு மினுக்கும். அத்தோடு கையை எடுத்தால் அது தூங்கிவிடும், ஹப்பில் பெயர் வந்தும் பாதி விவரம் வராது. விவரம் முழுதாக வரும்வரை விநாடிக்கு ஒருமுறை மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் வரிசை. ஒரு அறையில் முதலில் கரண்டில் ஓடும் பிளக், ரிலேக்களை மாற்றுங்கள். சிக்னலைக் கடத்துபவை அவைதான். அப்புறம் அந்த அறையின் சென்சார்கள். அதன்பின் அடுத்த அறை.

இந்த இடத்தில் ஹோம் அசிஸ்டண்டுக்கு ஒரு சாதகம் உண்டு. ஸ்மார்ட்திங்ஸை முதலில் அப்படியே அதற்குள் இணைத்து, ஆட்டோமேஷன்களை எழுதிச் சோதித்துவிட்டு, சாதனங்களைப் பிறகு நிதானமாக மாற்றலாம். அதுவரை வீடு இருட்டாகாது. ஹுபிடாட்டை ரேடியோவுக்கும் ஹோம் அசிஸ்டண்டை மூளைக்கும் வைத்து இரண்டையும் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏதாவது நின்றால் எந்தப் பெட்டி என்று தேட வேண்டிவரும்.

எந்தப் பெட்டியானாலும் ரவுட்டரையும் ஹப்பையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். ஜிக்பீ பல்பு இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: நடுராத்திரி கரண்ட் போய் வந்தால் பல பல்புகள் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். ஹோம் அசிஸ்டண்டில் அதை மாற்றும் அமைப்பு நிறையப் பல்புகளுக்குத் திரையிலேயே தெரியும். ஹுபிடாட்டில் அந்தந்த டிரைவரைப் பொறுத்தது.