‘ஒரு அடிக்கு மேல் வளராது’ என்று சொல்லி விற்கும் மீன்: சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

கலர் மீன் கடையில் கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சு வால், நீள மீசை என்று விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கெளுத்தியைக் காட்டி, “இது குட்டை ரகம், ஒரு அடிக்கு மேல போகாது” என்று சொன்னால் நம்பாதீர்கள். அதன் பெயர் ரெட் டெயில் கேட்ஃபிஷ். அமேசான், ஓரினோக்கோ ஆறுகளில் வாழ்கிற மீன். நாலு அடி வளரும், ஐம்பது கிலோ வரைகூட எடை போடும். ஒரு அடியோடு நின்றுவிடுகிற ரகம் அதில் எதுவும் இல்லை.

எனக்கு அப்படிச் சொல்லித்தான் இரண்டு குட்டிகளை விற்றார்கள். சேலத்தில், ஓரளவு பெயர் உள்ள கடை. பெயரை இங்கே எழுதவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறது என்பது ஒரு காரணம். இதை அந்த ஒரு கடை மட்டும் செய்யவில்லை என்பது இன்னொரு காரணம்.

எங்கள் வீட்டு ஹாலில் பல வருடமாக ஒரு நாலடித் தொட்டி இருக்கிறது. கப்பி, மோலி, நியான் டெட்ரா, கொஞ்சம் செடி. புதிதாக வாங்கப் போன ஆள் இல்லை நான். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். தொட்டியின் அளவைச் சொன்னேன், உள்ளே இருக்கும் மீன்களைச் சொன்னேன், இது முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும் என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் தொட்டியின் படமும் அனுப்பினேன். கடைப் பையனின் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: “மேக்ஸ் 12 இஞ்ச்ணா. உங்க டேங்க்குக்குக் கரெக்டா இருக்கும். பெருசாயிட்டா கொண்டாங்க, எடுத்துக்கிட்டு வேற தர்றோம்.”

கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வரி. அளவைப் பற்றிச் சந்தேகம் இருக்கிறவர்களும் “சரி, திருப்பிக் கொடுத்துக்கலாமே” என்று அதில்தான் விழுகிறார்கள். பில்லில் “மீன் 2” என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நான் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். வெள்ளி எத்தனை டச், அதாவது எவ்வளவு சுத்தம் என்று எழுதாமல் “கொலுசு 1 ஜோடி” என்று மட்டும் நான் பில் போட்டால் செவ்வாய்பேட்டையில் என்னை என்ன செய்வார்கள்!

கொஞ்ச நாளில் டெட்ராக்கள் குறையத் தொடங்கின. செத்து மிதக்கவும் இல்லை, வெளியே குதித்துக் காயவும் இல்லை. கடைக்குப் போன் போட்டால், “டெட்ரா வீக்கா இருந்திருக்கும்ணா” என்றான். இந்தக் கெளுத்தி இரவில் வேட்டையாடும். வாய்க்குள் போகிற அளவில் எது இருந்தாலும் முழுதாக விழுங்கும், வாயும் தலை அகலத்துக்கு இருக்கும். எங்கள் வீட்டு மீன் ஃபில்டரை ஒட்டி வைக்கும் ரப்பர் கப்பைக்கூட விழுங்கிப் பிறகு கக்கியது. கூழாங்கல்லை விழுங்குவதும் இந்த இனத்தில் சகஜம் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நல்ல தீனி கிடைத்தால் முதல் வருடத்திலேயே ஒரு அடியைத் தாண்டிவிடும். எங்கள் வீட்டிலும் தாண்டியது. தீனியைக் குறைத்தால் வளர்ச்சி குறையும் என்று கடையில் யோசனை சொன்னார்கள். அதாவது பட்டினி போடச் சொன்னார்கள்.

“தொட்டி சைஸுக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும்” என்று எல்லாக் கடையிலும் ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். சிறிய தொட்டியில் வளர்ச்சி தடைபடுவது உண்மைதான். ஆனால் மீன் இடத்தைப் பார்த்துத் தன்னை அடக்கிக்கொள்வதால் அல்ல. கழிவிலிருந்து வரும் அமோனியா தண்ணீரில் ஏறி, செவுள் கெட்டு, உடம்பு நலிந்து நிற்கிறது. சிலதுக்கு முதுகெலும்பே வளைந்துவிடும். அப்படிக் குறுகிப்போன மீனைக் காட்டி, “பாருங்க, வளரவே இல்ல” என்று அடுத்த ஆளுக்கு விற்கலாம்.

கடைக்காரர்கள் எப்போதும் தொட்டியின் நீளத்தைத்தான் பேசுவார்கள். நீங்கள் அகலத்தைப் பாருங்கள். நாலடித் தொட்டி என்றால் நீளம் நாலு, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. ஒன்பது கன அடி, ஏறக்குறைய 255 லிட்டர். மீன் ஒன்றரை அடியை நெருங்கினால் உடம்பை மடக்காமல் திரும்ப முடியாது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மூக்கு கண்ணாடியில் உரசி, சிவந்து, புண்ணாகிவிட்டது. ராத்திரி ஹாலில் டிவி ஓடாத நேரத்தில் அந்தச் சத்தம் கேட்கும். என் பெண், அவள்தான் ஆசைப்பட்டு வாங்கச் சொன்னவள், தொட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் படிக்க உட்காருவாள்.

தண்ணீர் தனிக் கதை. இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சின்னத் தொட்டியில் இருந்தால் பாதித் தண்ணீரை அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரை நம்ப முடியாது, அது வருகிற நாளில்தான் வரும். அதையும் குளோரின் போகப் பிடித்து வைக்க வேண்டும். மிச்ச நாளுக்கு போர் தண்ணீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் பருப்பே வேகாது. வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் மீனுக்கு டிரம்மில் இருக்கும். இதற்காக நான் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் ஒன்றில் காலையில் போன கரண்ட் சாயங்காலம் வந்தது. ஃபில்டர் நின்று, காற்று நின்று, இரண்டில் ஒன்று செத்துப்போனது. சின்ன மீன்கள் மட்டும் இருந்த காலத்தில் இதே மாதிரி கரண்ட் போன நாள்கள் எத்தனையோ. ஒன்றும் ஆனதில்லை. பெரிய உடம்பு ஆக்ஸிஜனை இழுத்துத் தீர்த்துவிடுகிறது.

மிச்சமிருந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்குப் போனேன். வாங்கும்போது “அண்ணா” என்று கூப்பிட்டவர்கள் இப்போது “சார்” என்றார்கள். முதலாளி என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது டைப்பிங் மிஸ்டேக் சார். பையன் புதுசு” என்றார். ஒரு அடி என்பது நாலு அடியாகிற டைப்பிங் மிஸ்டேக்கை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “இவ்ளோ பெருசை நாங்க எங்க சார் வைக்கிறது?” என்றும் கேட்டார். மீன் விற்கிறவருக்கே வைக்க இடமில்லை என்றால் ஹாலில் தொட்டி வைத்திருப்பவனிடம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது: எட்டு அடி நீளம், மூணு அகலம், மூணு உயரத்தில் புதுத் தொட்டி, ஸ்டாண்டோடு, அவரே செய்து தருவாராம். குட்டியில் கிடைத்தது சில்லறை. வியாபாரமே இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனசு கேட்காதவன் தொட்டி மேல் தொட்டியாக வாங்குவான்.

அந்தத் தொட்டிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 72 கன அடி, 2,000 லிட்டருக்கு மேல். தண்ணீர் மட்டுமே இரண்டு டன். இது உட்காரும் இடம் 24 சதுர அடி. வீடுகளின் தளத்துக்கு இந்தியக் கட்டுமானத் தரத்தில் வைக்கும் கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான். இந்தத் தொட்டி சதுர மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும், கண்ணாடி எடையும் ஸ்டாண்டும் தனி. எங்கள் வீடு முதல் மாடி. கீழே குடியிருப்பவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இதைச் சொன்னதும், “ஒண்ணும் ஆகாது சார், நிறைய வீட்ல வச்சிருக்கோம்” என்றார். அதையும் எழுதித் தரச் சொன்னேன். தரவில்லை. இத்தனைக்கும் அந்தத் தொட்டியின் அகலமே மூணு அடிதான், மீன் நாலு அடி.

கிளம்பும்போது பையன் பின்னாலேயே வந்து, நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்: “மூக்கனேரியில விட்ருங்கண்ணா. புண்ணியமாப் போவும்.”

தயவுசெய்து விடாதீர்கள். மூக்கனேரி, பனமரத்துப்பட்டி, ஏற்காடு ஏரி, மேட்டூர் அணை, எதிலும் வேண்டாம். ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீரோடு மீனும் போகும். சேர்வராயன் மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறு நம் ஊருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில்தான் சேர்கிறது. காவிரியில் இருக்கும் திமில் உள்ள மஹ்சீர் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத மீன். 2018-ல் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக, ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வருடம் கேரள வெள்ளத்தில் பண்ணைகளிலும் வளர்ப்புக் குளங்களிலும் இருந்த அரபைமா போன்ற ராட்சச மீன்கள் தப்பி, சாலக்குடி ஆற்றில் மீனவர் வலையில் மாட்டின. 2023-ல் ஸ்ரீநகர் தால் ஏரியில் அலிகேட்டர் கார் என்ற மீன் கிடைத்தது. அது வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து மீன். காஷ்மீருக்கு நீந்தி வந்திருக்காது. யாரோ ஒருவர் புண்ணியம் தேடியிருக்கிறார்.

என் மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு சாப்பிடறீங்க, இதுக்கு இவ்ளோ வருத்தமா மாமா?” என்றான். சாப்பிடுகிறேன்தான். குழம்புக்கு வாங்கும் மீன் அன்றோடு முடிந்தது. இந்தக் கெளுத்தி பதினைந்து வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. திரும்ப முடியாத பெட்டியில் பதினைந்து வருடம் வைத்திருப்பது சாப்பாடும் இல்லை, வளர்ப்பும் இல்லை. 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், நியாயமாக அசைவதற்குக்கூட நீள அகல உயரம் போதாத கூண்டிலோ பாத்திரத்திலோ ஒரு பிராணியை வைத்திருப்பது குற்றம் என்று இருக்கிறது. மனிதரைத் தவிர எல்லா உயிரும் அந்தச் சட்டத்தில் பிராணிதான். மீனுக்கு விலக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை. மீன் கத்தாது, அதனால் யாரும் புகார் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

தரையில் பெரிய சிமெண்ட் குளம் கட்டி, பம்பு, ஜெனரேட்டர் வைத்து வளர்க்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் எவ்வளவு பேர்? கடையில் குட்டி வாங்குகிற நூறு பேரில் ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு விற்கிறபோது அந்த மீன் எப்படி முடியும் என்று விற்கிறவருக்குத் தெரியும். விலை கூட வாங்கினால் ஏமாற்று என்கிறோம். எனக்கு இதுதான் அதைவிடப் பெரிய ஏமாற்றாகப் படுகிறது.

ரெட் டெயில் மட்டும் என்று நினைக்காதீர்கள். “ஷார்க்” என்று வெள்ளி நிறத்தில் துறுதுறுவென்று ஓடும் குட்டியை எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். அது சுறா இல்லை, மெக்காங் ஆற்றின் கெளுத்தி. அதுவும் நாலு அடி போகும். ஹோட்டலில் பாசா என்று துண்டு போட்டு வருவது இதுதான். கொஞ்சம் சத்தம் கேட்டாலும் மிரண்டு கண்ணாடியில் மோதும். “பிரானா” என்று விற்பது பெரும்பாலும் ரூப்சந்த், மீன் மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைப்பது. வாஸ்து மீன் என்று தலையில் கட்டும் சில்வர் அரோவானா மூணு அடி. பாசி தின்னும் என்று சும்மாவே சேர்த்துக் கொடுக்கும் டேங்க் கிளீனர் ஒன்றரை அடி வரும், தமிழ்நாட்டு ஏரிகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. அலிகேட்டர் கார் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2011-ல் மிசிசிப்பியில் பிடிபட்ட ஒன்று எட்டு அடிக்கு மேல், 148 கிலோ.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் பில்லில் மீனின் பெயரையும், முழு வளர்ச்சியில் எத்தனை அடி என்பதையும், திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் அதையும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அறுநூறு ரூபாய் மீனுக்குக் கேஸா என்று வக்கீல் நண்பரே சிரித்தார். நோட்டீஸை எழுதியும் கொடுத்தார்.

மிச்சமிருக்கும் மீன் இப்போது பட்டறைக்குப் பின்னால் தரையில் கட்டிய தொட்டியில் இருக்கிறது. ஆறடிக்கு ஆறடி. இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான் இது தாங்கும். ஆற்றோடு, வாய்க்காலோடு, ஏரியோடு சேராத பெரிய சிமெண்ட் குளம், மேலே வலை, கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு, இதெல்லாம் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காசு வேண்டாம், வண்டி வாடகையும் நானே தருகிறேன். ஏரியில் விட மாட்டேன், யாருக்கும் விற்க மாட்டேன் என்று மட்டும் எழுதித் தர வேண்டும். கறிக்குக் கேட்பவர்கள் மன்னிக்கவும், என் மச்சான் உட்படப் பலர் கேட்டுவிட்டார்கள்.