டார்க் ஸ்டீயர்: டிஃபரன்ஷியலை மாற்றுவதா, நக்கிளை மாற்றுவதா?

முன்சக்கர இயக்கக் காரில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியதும் ஸ்டீயரிங் கையை மீறி ஒரு பக்கம் இழுக்கிறதா? அதுதான் டார்க் ஸ்டீயர். இதைக் குறைக்க நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றுள் பலரும் முதலில் பரிந்துரைக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்), தனியாகப் பொருத்தினால் இழுப்பைக் கூட்டவே செய்யும்.

குறுக்காக வைத்த எஞ்சினின் ஓரத்தில் கியர்பாக்ஸ் ஒட்டியிருப்பதால், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பங்கிடும் டிஃபரன்ஷியல் காரின் நடுவில் அமைவதில்லை. அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டுகளில் ஒன்று குட்டை, மற்றது நீளம். வேகமெடுக்கும்போது காரின் முன்பகுதி எழும்பும்; குட்டை ஷாஃப்டின் மூட்டு அதிகமாக வளையும், நீளமானது குறைவாக வளையும். வளைந்த மூட்டின் வழியே முறுக்குவிசை பாயும்போது அதில் ஒரு பங்கு சக்கரத்தைத் திருப்பப் பார்க்கும். இரு பக்கமும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். இல்லாவிட்டால் மிச்சம் ஸ்டீயரிங்கில் தெரியும்.

சக்தி வாய்ந்த கார்களில் இதைவிடப் பெரிய காரணம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன்சக்கரத் தாங்கி) அமைப்பு. சக்கரம் திரும்பும் அச்சு, மேலே ஸ்ட்ரட்டின் தலையிலிருந்து கீழே பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு வரை சாய்வாக இறங்குகிறது. சக்கர மையத்தின் உயரத்தில் அந்த அச்சு உள்ளே வெகுதூரம் தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளிதான் நெம்புகோல். ஒரு டயர் நல்ல தாரிலும் மற்றொன்று மணல் படிந்த ஓரத்திலும் இருந்தால், இரு பக்க விசைகளும் வேறுபடும். அந்த வேறுபாட்டை நெம்புகோல் பெருக்கி ஸ்டீயரிங்குக்கு அனுப்பும்.

இனி வழிகளை ஒப்பிடலாம். நீள ஷாஃப்டை இரண்டாக்கி, எஞ்சின் பிளாக்கில் ஒரு பேரிங் வைத்து இடை ஷாஃப்ட் சேர்ப்பது முதல் வழி. இரு பக்க ஷாஃப்டுகளும் கோணங்களும் சமமாகும். செலவு குறைவு, நம்பகமானது. ஆனால் நெம்புகோலை இது தொடுவதே இல்லை.

இரண்டாவது, மின்னணுக் கட்டுப்பாடு. 2007ஆம் ஆண்டு மாடலாக வந்த மாஸ்டாஸ்பீட் 3, முதல் இரண்டு கியர்களில் எஞ்சினின் முறுக்குவிசையைக் குறைத்துக்கொண்டது. 2012இல் வந்த 250 குதிரைத்திறன் ஃபோர்டு ஃபோகஸ் எஸ்டி, மின் ஸ்டீயரிங் மோட்டாரை வைத்தே இழுப்பை எதிர்த்தது. இரண்டும் வேலை செய்யும்தான். ஆனால் ஒன்றில் காசு கொடுத்து வாங்கிய சக்தி கிடைப்பதில்லை. மற்றதில் சாலையைப் பற்றிக் கை அறிய வேண்டிய செய்தியும் மங்கிப்போகிறது.

மூன்றாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், நான்காவது நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி, ஸ்டீயரிங்கோடு திரும்பும் பாகம்) மாற்றம். இவை இரண்டையும் எடைபோட ஃபோர்டின் இரண்டு கார்களே போதும். 2002இல் வந்த முதல் ஃபோகஸ் ஆர்எஸ்: 215 குதிரைத்திறன், 310 நியூட்டன் மீட்டர், குவெய்ஃப் நிறுவனத்தின் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், வழக்கமான ஸ்ட்ரட். வளைவிலிருந்து அது வெளியேறும் வேகத்தைப் புகழ்ந்தவர்களே, மேடுபள்ளச் சாலையில் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்றும் சொன்னார்கள். காரணம் வெளிப்படை. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய சமமாகவே பங்கிடும். குவெய்ஃப் வகையோ பிடி உள்ள சக்கரத்துக்கு அதிகம் அனுப்பும். வேறுபாடு கூடுகிறது, நெம்புகோலோ அப்படியே நீளமாக இருக்கிறது.

2009இல் வந்த இரண்டாவது ஆர்எஸ்ஸில் 305 குதிரைத்திறன், 440 நியூட்டன் மீட்டர். டிஃபரன்ஷியல் இங்கும் குவெய்ஃப்தான். புதிதாக வந்தது ரெவோநக்கிள்: ஸ்ட்ரட் திரும்பாமல் நிற்க, தனி நக்கிள் மட்டும் சக்கரத்துக்கு நெருக்கமான அச்சில் திரும்புகிறது. 130 நியூட்டன் மீட்டர் கூடியும் இழுப்பு முந்தைய காரைவிட நன்றாகவே அடங்கியது. முற்றிலும் மறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2004இல் ரெனோ மெகான் ஆர்எஸ், பிறகு ஓப்பலின் ஹைப்பர்ஸ்ட்ரட், 2015இல் 310 குதிரைத்திறன் ஹோண்டா சிவிக் டைப் ஆர் எல்லாமே இதே வழியில் சென்றவை. எடை கூடும், மூட்டுகள் கூடும், விலையும் கூடும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. நெம்புகோலைக் குறைத்த பிறகுதான் டிஃபரன்ஷியல் தன் முழுப் பயனைத் தருகிறது.

ஏற்கெனவே கார் வைத்திருப்பவர் நக்கிளை மாற்றுவது நடக்கிற காரியமல்ல. அவருக்கு என் வாதம் வேறு: டிஃபரன்ஷியலுக்குச் செலவழிக்கும் முன், இழுப்பு ஏன் கூடியது என்று பாருங்கள். எஞ்சின் டியூனிங் செய்து முறுக்குவிசையை ஏற்றியிருக்கலாம். வெளியே துருத்தும் அகல வீல்களோ, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசரோ நெம்புகோலை நீட்டியிருக்கலாம். தாழ்த்தும் ஸ்பிரிங் ஷாஃப்ட் கோணங்களைக் கலைத்திருக்கலாம். எதையும் மாற்றாத காரில் சந்தேகம் எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு) மீதும் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர்) மீதும்தான் விழ வேண்டும். பானெட்டைத் திறந்துவைத்து, காரின் முன்னால் யாரும் நிற்காமல், ஹேண்ட்பிரேக்கோடு பிரேக்கையும் நன்றாக மிதித்தபடி, கிளட்சை முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மெல்லப் பிடிக்கவிடச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். எஞ்சின் எழும்பித் தட்டென்று விழுந்தால் மவுண்ட் போய்விட்டது. பிறகு முன் டயர்களின் காற்றழுத்தத்தைச் சமமாக்கி, இடவலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான்.