“ஊழியத்துக்குன்னா லாபம் வேண்டாம் சிஸ்டர்” என்றவரிடம் போன 7,360 ரூபாய்

64 சட்டை, 64 பிரிண்ட், 7,360 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாள். இன்று வெள்ளி. ஒரு பிள்ளைக்குக்கூடப் போட்டுவிடச் சட்டை இல்லை.

குறைந்த செலவில் வீட்டிலேயே அயர்ன் செய்து டி-ஷர்ட் தயாரிப்பது எப்படி என்று விளக்கமாக எழுதுகிறேன் என்று போன மாதம் சொல்லியிருந்தேன். அதற்காக வந்தவர்கள் மன்னிக்கவும். இப்போது என்னால் எழுத முடிவது இதுதான்.

திருநெல்வேலியில் விசாரித்தபோது பிரிண்டோடு சட்டை ஒன்றுக்கு 180 ரூபாய் சொன்னார்கள். 64 பிள்ளைகளுக்கு 11,520. எங்கள் சபையில் அவ்வளவு முடியாது. அப்போதுதான் வீடியோவாகப் போட்டு வியாபாரம் செய்கிற ஒரு ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. வெள்ளைக் காட்டன் சட்டை 90, வீட்டு அயர்ன் பாக்ஸிலேயே ஒட்டிக்கொள்ளும் டி.டி.எஃப். ஸ்டிக்கர் 25, ஆக 115. ஊர் திருப்பூர் என்று போட்டிருந்தது.

சண்டே கிளாஸ் பிள்ளைகளுக்கு என்று ஒரு வரி எழுதினேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. “ஸ்தோத்திரம் சிஸ்டர். ஊழியத்துக்குன்னா எங்களுக்கு லாபம் வேண்டாம் சிஸ்டர்.” பின்னால் மெதுவாக ஒரு கிறிஸ்தவப் பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. அங்கேதான் விழுந்தேன். பாதிப் பணம் முதலில் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. விசுவாசியைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே! பில் கேட்டேன். “பில்லுன்னா 5% ஜி.எஸ்.டி. வரும், எதுக்கு சிஸ்டர் வீணா?” என்றார். அதையும் நமக்குச் செய்கிற உதவி என்று எடுத்துக்கொண்டேன். 50 வீடுகளில் நூறு நூறாக வாங்கியது 5,000. கொடுக்க முடியாத 14 பிள்ளைகளின் பங்கும் குறைந்ததும் சேர்த்து என் கைக்காசு 2,360. மொத்தம் 7,360-ஐயும் ஒரே தடவையில் போனிலேயே அனுப்பினேன்.

“தேவன் அன்பாகவே இருக்கிறார்” என்ற வசனமும் ஒரு ஆட்டுக்குட்டிப் படமும், அவ்வளவுதான் டிசைன். அவர்கள் டைப் செய்தால் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறிவிடும் என்று படமாகவே அனுப்பினேன். அதில் உஷாராக இருந்தவள் பணத்தில் கோட்டை விட்டேன்.

பார்சல் புதன்கிழமை சாயங்காலம் வந்தது. சட்டை மெலிசு, கையை உள்ளே விட்டால் ரேகை தெரிகிறது. பிரிண்ட் சாதாரணத் தாளில் மங்கலாக இருந்தது. கேட்டேன். “அயர்ன் பண்ணினா பளிச்னு வரும் சிஸ்டர்” என்றார். அடுப்படிக் கல் மேடையில் பழைய வேட்டியை விரித்து, ஆவி இல்லாமல், காட்டன் அளவு சூட்டில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் தாளை உரித்தேன். வசனம் இருந்தது, கழுவாத கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. சிவப்பு செங்கல் பொடி நிறம், ஆட்டுக்குட்டி எங்கே என்று தேட வேண்டும். தண்ணீரில் முக்கிக் கசக்கினேன். அதுவும் போனது.

“சூடு பத்தல அக்கா” என்றார். சூட்டைக் கூட்டினேன். இரண்டாவது சட்டையின் நெஞ்சில் பழுப்பாக அயர்ன் பாக்ஸ் முனை பதிந்துவிட்டது. மூன்றாவதும் அதே கதை. வியாழன் காலை போட்டோ அனுப்பினால், “பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா மேடம்?” சிஸ்டர் அக்காவாகி, அக்கா மேடமாக எத்தனை நேரம் ஆனது பாருங்கள். மத்தியானம் “ஓனர் ஊரில் இல்லை.” சாயங்காலம் நீல டிக் மட்டும். அவர்கள் வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டு என்னை பிளாக்கும் செய்துவிட்டார்கள். பார்சலில் அனுப்பியவர் முகவரி என்று ஒரு போன் நம்பர்தான் இருக்கிறது. அதையும் யாரும் எடுப்பதில்லை.

எங்கள் தெரு ஸ்டூடியோ தம்பி தாளைத் திருப்பிப் பார்த்ததுமே சொல்லிவிட்டான், “அக்கா, இது காபி கப்புக்கு அடிக்கிற சப்ளிமேஷன் பிரிண்ட்.” அந்த மை சூட்டில் ஆவியாகி பாலியஸ்டரையோ கப் மேல் இருக்கிற பூச்சையோதான் பிடிக்குமாம். பருத்தியில் நிற்காது. சட்டையாவது காட்டனா என்று நூலைப் பிடுங்கிக் கொளுத்தினேன். காகிதம் எரிகிற வாசனை, சாம்பல் உதிர்ந்தது. சுத்தக் காட்டன். துணியிலும் ஏமாற்றி பாலியஸ்டர் அனுப்பியிருந்தால் வசனமாவது நின்றிருக்கும்!

சரி, சொன்னதற்காக அவசரமாகச் சில. டி.டி.எஃப். என்றால் பிளாஸ்டிக் படலத்தில் வரும், பின்பக்கம் பசைப் பொடி சொரசொரவென்று இருக்கும். வெறும் தாளில் வந்தால் வாங்காதீர்கள். ஒரே ஒரு சாம்பிள் வாங்கி ஒட்டி, ஒரு நாள் விட்டுத் துவைத்துப் பார்த்த பிறகு மீதிக்குச் சொல்லுங்கள். பில் இல்லாமல் முழுப் பணம் போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றுமே அனுப்பாமல் ஓடினால் சைபர் குற்ற உதவி எண் 1930, பொருள் மட்டம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நானும் புகார் சொல்லத்தான் போகிறேன். பில் இல்லாத 7,360-க்கு என்ன பதில் வருமோ.

61 தாள் பீரோ மேல் கிடக்கிறது. ஸ்டூடியோ தம்பி துணிக்குப் போடும் பெயிண்ட் இரண்டு டப்பா கொடுத்திருக்கிறான், காசு அப்புறம் தந்தால் போதும் என்று. பெயிண்ட் தடவ அச்சாகப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஆட்டுக்குட்டியை வெட்டிக்கொண்டிருக்கிறேன். வசனத்துக்கு நேரமில்லை.