பசார் ரோட்டு அங்கிளும் சித்தப்பாவோட டீலக்ஸ் ரிவெர்ப்பும்

இந்தத் தடவ கேஎல் (கோலாலம்பூர்) போனப்ப மைகார்டு, பேங்க், அம்மாவோட கண் ஆப்பரேஷன் எல்லாமே சொன்ன நேரத்துல முடிஞ்சுது, அதப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. எழுத வந்தது ஒரு கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தப் பெருசாக்கற ஆம்ப்ளிஃபையர்) பத்தி. அந்த ஆம்புக்காக நான் பட்ட ஆத்திரமும் அப்புறம் கெடச்ச சந்தோஷமும் மெல்பர்ன் வந்தும் இன்னும் அடங்கல.

ஆம்ப் எங்க சித்தப்பாவோடது. எழுபதுகள்ல செந்தூல்ல ஒரு மெல்லிசைக் குழுவுல லீட் கிட்டார் வாசிச்சவரு. போர்ட் கிள்ளான்ல கப்பல் வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட வாங்கின ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், வெள்ளி முகப்பு, 22 வாட், ரெண்டு 6வி6 வால்வ் (சத்தத்தப் பெருக்கற கண்ணாடிக் குழாய்), ஒரே ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர். அமெரிக்காவுக்குச் செஞ்சது, 120 வோல்ட், நம்ம ஊரு 240, அதனால எப்பவும் கூடவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போகணும், அத தூக்கறதுக்கே தனி ஆளு வேணும். சித்தப்பா போனதுக்கப்புறம் தம்பி கைக்கு வந்துடுச்சு, அவனும் கல்யாண ரிசப்ஷன் குழுவுலதான் வாசிக்கறான்.

பிரச்சன என்னன்னா வீட்டு ஹால்ல தனியா வாசிச்சா அவ்ளோ அழகா இருக்கற ஆம்ப், ரெண்டு கீபோர்டு, பாஸ், தபேலா, ரிதம் பேட் எல்லாம் சேர்ந்தா காணாமப் போயிடுது. வால்யூம ஏத்தினா ட்ரெபிள் காத குத்துதே தவிர கிட்டார் முன்னாடி வர மாட்டேங்குது. பாட்டு நடுவுல வர்ற கிட்டார் பிட்ட சனங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, அது வந்து போனதே தெரியாது. எனக்கு இது நல்லாத் தெரிஞ்ச விஷயம், ஏன்னா மெல்பர்ன்ல என் ஆம்புலயும் இதே கதைதான். அந்த ஃபெண்டர் டோன் சர்க்யூட்டே நடுவுல குழி விழுந்த மாதிரிதான் டிசைன் பண்ணிருப்பாங்க, 400, 500 ஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல சத்தம் இறங்கி, பாஸும் ட்ரெபிளும் ரெண்டு பக்கமும் மேல நிக்கும். ஃபெண்டரோட ட்வின் ரிவெர்ப்ல மிட்டுக்குன்னு, அதாவது அந்த நடு சத்தத்துக்குன்னு, 10 கே (10,000 ஓம்) பாட் ஒண்ணு, குமிழால திருப்பற ரெசிஸ்டர், இருக்கு, டீலக்ஸ்ல அந்தக் குமிழே கிடையாது, அதுக்குப் பதிலா உள்ள 6.8 கே ரெசிஸ்டர் ஒண்ண நிரந்தரமா வச்சுட்டாங்க. அந்த ரெசிஸ்டர எடுத்துட்டு 25 கே பாட் போட்டா மிட் மேல வரும். புதுசா யாரும் கண்டுபிடிச்ச வித்த இல்ல, அதே ஃபெண்டரோட பழைய பாஸ்மேன் 5எஃப்6-ஏல 25 கே மிட் பாட் இருந்துச்சு, அதப் பார்த்துத்தான் மார்ஷல் கம்பெனி ஜேடிஎம்45 ஆம்ப செஞ்சாங்க.

மெல்பர்ன்ல இத செய்ய முதல்ல ஈமெயில் போடணும், அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட், பெஞ்ச் ஃபீஸ்னு முன்பணம், அதுவும் வாரக்கணக்குல ஆகும். காசு கொள்ளை. ஆனா நாம எழுதிக் குடுத்தத அங்க இருக்கற டெக்னீஷியன் அப்படியே செய்வான், எடுத்த பழைய பார்ட்ஸ ஒரு பையில போட்டு, என்ன மாத்தினேன், எத்தன வோல்ட் இருந்துச்சுன்னு ஒரு தாளும் சேர்த்துக் குடுப்பான். நம்ம ஊருல இவ்ளோ காத்திருக்க வேண்டாமேன்னுதான் தம்பிகிட்ட "நான் வர்றப்ப செஞ்சுரலாம்டா, நீ தொடாத"ன்னு சொல்லி வச்சிருந்தேன்.

முதல்ல போனது ஷாப்பிங் மால்ல இருக்கற ஒரு பெரிய மியூசிக் கடை. பேர் வேணாம். தம்பியோட கூட்டாளிங்க எல்லாம் அங்கதான் சர்வீஸுக்குக் குடுப்பாங்களாம். ஏசி, டோக்கன் நம்பர், டேப்லட்ல கையெழுத்து, சட்டையில லோகோ போட்ட பையன், பார்க்கறதுக்கு அப்படியே வெளிநாட்டுக் கடை மாதிரித்தான். நான் ஒரு தாள்ல படம் போட்டே குடுத்தேன். 6.8 கே ரெசிஸ்டருக்குப் பதிலா 25 கே பாட், ஸ்லோப் ரெசிஸ்டர (டோன் சர்க்யூட்டுல பாஸும் மிட்டும் போற பாதையில இருக்கறது) 100 கேலருந்து 56 கே, வேற எதையும் தொட வேணாம், இவ்ளோதான். பையன் தாள வாங்கி ஃபோட்டோ எடுத்துக்கிட்டான், "நோ ப்ராப்ளம் அங்கிள்"னான். என்ன அங்கிள்னு கூப்ட்டதக்கூட பொறுத்துக்கிட்டேன்.

அப்புறம் தினம் வாட்சப்ல தானா வர்ற மெசேஜ். உங்க பொருள் பெறப்பட்டது, உங்க பொருள் பரிசோதனையில் உள்ளது. ஃபோன் அடிச்சா எடுக்கற பொண்ணுக்கு ஆம்புக்கும் மைக்ரோவேவுக்கும் வித்தியாசம் தெரியல. கடைசியா 'தயார்'னு மெசேஜ் வந்து போனா, பில் 420 வெள்ளி (ரிங்கிட்). என்ன செஞ்சீங்கன்னு கேட்டா பில்ல காட்டறான், வால்வ் எல்லாம் மாத்தியாச்சு, சுத்தம் பண்ணியாச்சு, டெஸ்ட் ஓகே. மிட் பாட் எங்கன்னு கேட்டா, "டெக்னீஷியன் செக் பண்ணாரு, ஆம்ப்ல ஃபால்ட் எதுவும் இல்ல, வால்வ்தான் வீக்"னு சொல்றான். ஃபால்ட்டுன்னு நான் எப்பப்பா சொன்னேன்? நான் கேட்டது ரிப்பேர் இல்ல, படம் போட்டுக் குடுத்த ஒரு வேலை. தாள யாருமே பார்க்கல. ரிப்பேர்க்கு வந்தா வால்வ மாத்து, அதுக்கு மேல அவங்களுக்கு யோசனையே போகாது போல.

அதக்கூட மன்னிச்சிருப்பேன். பழைய வால்வ் எங்கன்னு கேட்டேன். தூக்கிப் போட்டாச்சாம். உள்ள இருந்தது ஆர்சிஏ 6வி6, அமெரிக்காவுல அந்தக் காலத்துல செஞ்சது, சித்தப்பா துணி சுத்தி பால் டின்ல போட்டு வச்சிருந்து மாட்டினது, இன்னும் நல்லா வேல செஞ்சுக்கிட்டு இருந்தது. இப்போ அந்த மாதிரி யாரும் செய்யறதில்ல, தேடி வாங்கறவங்க புது ஜோடிய விட கூடவே குடுப்பாங்க. கேக்காம கழட்டி, கேக்காம எறிஞ்சு, அதுக்கு என்கிட்டயே காசும் வாங்கிட்டாங்க. மெல்பர்ன்ல இப்படி செஞ்சா அடுத்த நாளே கன்ஸ்யூமர் அஃபேர்ஸ்ல புகார் போயிடும். இங்க மேனேஜர் சிரிச்சுக்கிட்டே அடுத்த சர்வீஸுக்கு பத்து பர்சென்ட் டிஸ்கவுண்ட் வவுச்சர் குடுக்கறாரு. அத அவரு மேஜ மேலயே வச்சுட்டு வந்தேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. செந்தூல்ல நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப ரேடியோ ரிப்பேர் கடைன்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கும் தெரியும், அஞ்சடியில (கடை முன்னால இருக்கற நடைபாதை) முதுகு இல்லாத டீவி வரிசையா நிக்கும், உள்ள ஈயம் உருகற வாசன, முன்னால ஒரு முக்காலி. பொருள வச்சுட்டு அந்த முக்காலியில உக்காந்துக்கணும், கடைக்காரரு நம்ம கண்ணு முன்னாடியே திறப்பாரு, என்ன கெட்டுச்சுன்னு காட்டுவாரு. பழைய பார்ட்ட நம்ம கையிலதான் குடுப்பாரு. அந்தக் கடை இருந்த எடத்துல இப்போ பபிள் டீ விக்கறாங்க.

மறுநாள் பசியாறிட்டு ரெண்டு பேரும் காடிய எடுத்துக்கிட்டு புடு பசார் ரோட்டுக்குப் போனோம். எலக்ட்ரானிக் சாமான்னா ஜாலான் பசார்தான், சித்தப்பா காலத்துலயும் அப்படித்தான். பார்க்கிங் அன்னிக்கும் இல்ல இன்னிக்கும் இல்ல, சுத்தி சுத்தி எங்கயோ போட்டுட்டு ஆம்ப ஒருத்தன் டிரான்ஸ்ஃபார்மர ஒருத்தன்னு தூக்கிட்டு நடந்தோம். பாதிக் கடை இப்போ சிசிடிவி, எல்இடி, சோலார்னு மாறிடுச்சு. பாட் வாங்கலாம்னு நுழைஞ்ச ஒரு கடையில, பின்பக்கம் பெஞ்ச்ல ஒரு சீன அங்கிள், வயசு எழுபதுக்கு மேல இருக்கும், எங்க கையில இருந்த ஆம்பப் பார்த்தவுடனே கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு எழுந்து வந்துட்டாரு. தவுக்கே (கடை முதலாளி) அவரு மகன், "அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு, ரிப்பேர் எடுக்கறதில்ல"ன்னான். அப்பாகாரரு அதக் காதுலயே போட்டுக்கல.

அவரு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? எங்க வாசிக்கறீங்க, கூட யாரெல்லாம் வாசிக்கறாங்க. தம்பி ஃபோன்ல இருந்த ரிசப்ஷன் வீடியோவ போட்டுக் காட்டினான். ஸ்பீக்கர காதுகிட்ட வச்சு முழுப் பாட்டும் கேட்டாரு. அப்புறம் ஆம்ப போட்டு தம்பிய வாசிக்கச் சொன்னாரு. கொஞ்ச நேரம்தான், "தாக் ரோசாக்"னாரு. கெட்டுப் போகல, செஞ்சதே இப்படித்தான், உங்க குழுவுக்கு மிட் பத்தல. இத சொல்லத்தான் மால்ல ஒருத்தருக்கும் வாய் வரல. நான் தாள நீட்டினேன், பார்த்தாரு, தலைய ஆட்டினாரு, "குமிழ எங்க வைக்கறது?"ன்னு கேட்டாரு. முகப்புல ஓட்டை போட எனக்கும் மனசில்ல, அவருக்கும் மனசில்ல.

பின் தட்டைக் கழட்டி, மேல இருக்கற நாலு போல்ட்ட எடுத்து, சேசிஸ (பார்ட்ஸ் எல்லாம் மாட்டியிருக்கற உலோகச் சட்டம்) பெஞ்ச்ல கவுத்து வச்சாரு. பிளக்க பிடுங்கினாலும் கரண்ட சேத்து வைக்கற ஃபில்டர் கப்பாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கும், அவசரக்காரன் கைய விட்டா உசுரே போயிடும். இவரு ரெசிஸ்டர் வச்ச கிளிப் வயர மாட்டி, இடது கைய பின்னால பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, மீட்டர்ல முள்ளு சீரோவுக்கு வர்ற வரைக்கும் அசையாம பார்த்துக்கிட்டே நின்னாரு. அப்புறம்தான் தொட்டாரு. அந்த இடது கைய பாக்கெட்டுல வைக்கற பழக்கத்த எங்க சித்தப்பாகிட்ட பார்த்திருக்கேன், ரெண்டு கையும் உள்ள போனா கரண்ட் நெஞ்சு வழியா போகும்பாரு.

பின்பக்கம் கிரவுண்ட் சுவிட்ச்னு ஒண்ணு இருக்கும் பழைய ஆம்புல. அதுல இருந்து ஒரு கப்பாசிட்டர், மெயின்ஸ் வயருக்கும் சேசிஸுக்கும் நடுவுல. அமெரிக்காவுல ரெண்டு முள்ளு பிளக் இருந்த காலத்துல இரைச்சல் குறைக்க வச்சது. அது ஷார்ட் ஆச்சுன்னா மெயின்ஸ் கரண்ட் சேசிஸுக்கு வந்து, அங்கிருந்து கிட்டார் கம்பிக்கு வந்து, கைக்கு வந்துடும், அதனாலதான் அதுக்கு டெத் கேப்னு பேரு. மூணு பின் எர்த் இருக்கறப்ப அதுக்கு வேலையே இல்ல. அங்கிள் அத வெட்டி எடுத்தாரு, எர்த் வயர சேசிஸ்ல தனி போல்ட்ல இறுக்கினாரு, சுவிட்ச கழட்டினாரு, அந்த ஓட்டையிலயே மிட் பாட்ட வச்சாரு. ஓட்டை கொஞ்சம் பெருசு, வாஷர் போட்டு சரி பண்ணிட்டாரு. ஒரே இடத்துல ஆபத்தும் போச்சு, குமிழும் வந்துச்சு, முகப்புல ஒரு கீறல் இல்ல. மெல்பர்ன்ல எனக்கு செஞ்சு குடுத்தவன் இன்புட் ஜாக் ஒண்ண தியாகம் பண்ணித்தான் பாட் வச்சான்.

ஆனா பாட்ட மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சாரு. பாஸ் பாட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல நீலம், சாம்பல், சிவப்பு பட்டை போட்ட அந்த 6.8 கேவோட ஒரு காலைத் தூக்கிட்டு, வெளிய ரெண்டு நீள வயர்ல பாட்ட தொங்க விட்டு, ஆம்ப போட்டு, "வாசி"ன்னாரு. தம்பி வாசிக்க வாசிக்க மெல்ல திருப்பறாரு. கால் பங்கு சுத்தினா பழைய சத்தம் அப்படியே. பாதிக்கு மேல போக கிட்டாருக்கு நெஞ்சு வந்துச்சு, வால்யூமும் தானா ஏறுது, சீக்கிரமே லேசா கரகரன்னு உடையுது. முழுசா திருப்பினா பாஸும் ட்ரெபிளும் பேச்சு கேக்கறதில்ல, அது அந்த சர்க்யூட்டோட சுபாவம், அங்க மார்க்கர்ல ஒரு கோடு போட்டு இதத் தாண்டாதன்னு தம்பிக்கு சொன்னாரு. ஸ்லோப் ரெசிஸ்டருக்கு நான் 56 கேன்னு எழுதியிருந்தேன், அவரு பழைய 100 கேவ எடுக்கவே இல்ல, அதுக்கு மேலயே 120 கே ஒண்ண பேரலலா ஒட்டினாரு. 54.5 கே ஆயிடும். நாளைக்கு புடிக்கலன்னா வெட்டி விட்டா போதும், ஒரிஜினல் அப்படியே இருக்கும்னாரு. 420 வெள்ளி வாங்கினவங்களுக்கு இந்த மரியாத தெரியல.

பின் பக்கம் வரைக்கும் போற வயருக்கு ஷீல்டட் வயர் போட்டாரு, மெயின்ஸ் பக்கத்துல போகுதே, ஹம் வரக்கூடாதுன்னு. அதோட மால்காரன் புது 6வி6 போட்டுட்டு பயாஸ (வால்வ்ல எவ்ளோ கரண்ட் ஓடணும்னு வைக்கற அளவு) அளக்கவே இல்லங்கறதையும் கண்டுபிடிச்சாரு, வால்வ் ரெண்டும் அளவுக்கு மேல சூடா ஓடிக்கிட்டு இருந்துச்சு, அப்படியே விட்டா கொஞ்ச நாள்ல அதுவும் போயிருக்கும். சரி பண்ணிட்டாரு. எடுத்த டெத் கேப்ப, 6.8 கேவ, சுவிட்ச, எல்லாத்தையும் சின்ன பிளாஸ்டிக் பையில போட்டு என் கையில குடுத்தாரு, நான் கேக்கவே இல்ல. அந்த நேரத்துல எனக்குத் தொண்ட அடைச்சுது.

மொத்தம் 70 வெள்ளி, பார்ட்ஸோட. கூட குடுத்தேன், வாங்கல. மகன்காரன் பக்கத்துல நின்னு வாட்ச பார்த்துக்கிட்டே இருந்தான், அவனையும் குத்தம் சொல்ல முடியாது, சிசிடிவி வித்துத்தான் கடை வாடகை கட்டறான்.

அந்த வாரம் ரவாங்ல ஒரு ரிசப்ஷன். நான் ஹாலோட கடைசி மேஜையில போய் உக்காந்தேன். தபேலா, ரெண்டு கீபோர்டு எல்லாத்துக்கும் நடுவுல கிட்டார் பிட் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவா வந்து விழுந்துச்சு, தம்பி வால்யூம் வழக்கத்த விட கம்மியாத்தான் வச்சிருந்தான். சித்தி என் பக்கத்துல இருந்தாங்க, "அவரு வாசிக்கற மாதிரி இருக்குய்யா"ன்னாங்க.

கேஎல் போறவங்க இந்த மாதிரி வேலைக்கு மால் பக்கம் போகாதீங்க. பசார் ரோட்டுக்கு வார நாள்ல காலைலயே போங்க, எங்க அங்கிள் கடை ஞாயிறு மூடியிருக்கும். கிட்டாரையும் தூக்கிட்டுப் போங்க, குழுவோட வாசிச்ச ஒரு ரெக்கார்டிங் ஃபோன்ல இருக்கட்டும். எங்க குடுத்தாலும் பழைய வால்வும் பார்ட்ஸும் எனக்குத் திரும்ப வேணும்னு ரசீதுலயே எழுத வச்சு கையெழுத்து வாங்கிக்கோங்க. மால் கடைக்கு நானும் ஒரு லெட்டர் எழுதியிருக்கேன், அந்த ஆர்சிஏ ஜோடிக்கு ஈடு கேட்டு, பதில் வந்தா சொல்றேன்.